வெல்டிங் வண்டியில் போன மழையம்மா

வெல்டரின் மனைவி ஒரு செங்கல்லோடு வந்தாள். அதை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள். செங்கல்லின் ஒரு பக்கத்தில் சாக்கட்டியால் எழுதியிருந்தது: கிழவி எங்கே?

“காலையில ஜன்னலை உடைச்சுக்கிட்டு உள்ள வந்துச்சு சார். போலீஸ்ல சொன்னா, முதல்ல உன் புருஷனை வரச் சொல்லுங்கறாங்க. அவர் போன் அணைஞ்சே கிடக்கு. இதை எறிஞ்சவங்க கையில சிக்கினார்னா அடிச்சே கொன்னுடுவாங்க.”

இன்ஸ்பெக்டர் செங்கல்லைத் திருப்பிப் பார்த்தார். அவர் போலீஸ்காரர் அல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்காக எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லாரிகளையும் ஆராய்ந்து ஓய்வு பெற்றவர். பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் பேச்சுக்குரல் என்றால் மருமகளுடையதுதான். அது இரண்டு பேருக்குப் போதுமானதாக இருந்தது.

மருமகள் அதற்குள் போனை நீட்டிவிட்டாள். “இதுதான் மாமா அந்த வீடியோ. ‘மழையம்மா எங்கே’ன்னு ஒரு குழு ஓடுது. நானும் அதுல இருக்கேன்.”

“நீயுமா?”

“சும்மா பார்க்கத்தான்.”

வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாளுக்குத் தெரு வைத்த பெயர் மழையம்மா. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் அந்தத் தெருவில் துணி காயப்போடுவார்கள். முந்தாநாள் காலையிலிருந்து அவரைக் காணவில்லை. எதிர்வீட்டுக் கேமராவில் பதிந்திருந்த சிறு காட்சியை மகன் இணையத்தில் போட்டு, யாராவது பார்த்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். பார்த்தவர்கள் பல்லாயிரம். ஏதாவது ஒன்று சொல்லாதவர் ஒருவரும் இல்லை.

ஒலியில்லாத காட்சி. பட்டறையின் பெயர் எழுதிய வேன். வெல்டர் கறுப்பாக எதையோ எடுத்து அம்மாளின் கண்களை மறைக்கிறார். அம்மாளின் முகம் மேலே போகிறது, வாய் திறக்கிறது. பிறகு தோளைப் பிடித்து அவரை வண்டியில் ஏற்றுகிறார். பின்பக்கம் இரும்புக் கம்பிகள் தெரிகின்றன.

“கண்ணைக் கட்டுறான், அவங்க கத்துறாங்க, கூண்டுல அடைக்கப் போறான். இது கழுகு சொன்னது. அந்தப் பேர்ல எழுதறவர்தான் குழுவுக்குத் தலை. மயக்கமருந்துன்னு ஒரு கட்சி. கிட்னின்னு ஒரு கட்சி. மகனே ஆள் வெச்சுட்டான்னு இன்னொரு கட்சி.”

“உன் கட்சி எது?”

“இன்னும் சேரல மாமா.”

இன்ஸ்பெக்டர் வெல்டரின் மனைவி பக்கம் திரும்பினார். “அவர் கூண்டா செஞ்சார்?”

“நாற்காலி சார். ஒரு வாரமா அதே வேலை. முதுகு அப்படியே மல்லாக்கச் சாயும். இதுல உக்காந்து என்னத்தைப் பார்க்கறதுன்னு கேட்டேன். சிரிச்சார். ரெண்டு மூணு நாள் வெளிவேலைன்னு சொல்லிட்டுப் போனவர்தான்.”

மூவரும் மழையம்மாவின் வீட்டுக்குப் போனார்கள். மகன் மருந்துக்கடைக்காரர். தூங்கி நாளான கண்கள். “குழுவுல பாதிப் பேர் என்னைத்தான் சொல்றாங்க சார். நேத்து என் மனைவிகூட ஒரு மாதிரி பார்த்தா.”

அம்மாளின் அறையில் படுக்கை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அலமாரியில் நகைகள் அப்படியே இருந்தன. மாத்திரை டப்பாவும் கம்பளிச் சால்வையும் இல்லை. கணவரின் படத்துக்குக் கீழே ஓர் இழுப்பறை திறந்து கிடந்தது.

“அப்பாவோட மூக்குக்கண்ணாடி இதுலதான் இருக்கும். காணோம். கழுகுகிட்ட சொன்னேன். அடையாளத்துக்கு எடுத்துட்டுப் போயிருக்கான், இனிமே பேரம் பேசுவான்னார்.”

“அம்மா போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஏதாவது கேட்டாங்களா?”

“வெளியூர் கூட்டிட்டுப் போன்னாங்க. அவங்க இதயம் இருக்கற நிலைமைக்கு மாடிப்படியே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதெல்லாம் முடியாதுன்னுட்டேன். எந்த ஊருன்னுகூட நான் கேட்கல சார்.”

இன்ஸ்பெக்டர் அந்த இழுப்பறையின் முன் நெடுநேரம் நின்றார். தன் மாமியாரின் கண்ணாடி எந்த அலமாரியில், எந்தத் துணிக்குள் இருக்கிறது என்று மருமகளுக்குத் தெரியும்.

“மாத்திரையை மறக்காம எடுத்துக்கிட்டு, நகையை விட்டுட்டுப் போற கடத்தல்காரன் கிடையாது,” என்றார் கடைசியில். “செத்தவரோட கண்ணாடி யாருக்கும் வேண்டாம். அவரைக் கூடவே கூட்டிட்டுப் போகணும்னு நினைக்கறவங்களுக்குத்தான் வேணும்.”

தெருவுக்கு வந்ததும் மருமகளை வேன் நின்ற இடத்தில் நிற்கச் சொன்னார். “காலை வெயில் இங்க எப்படி அடிக்கும்?”

“நேரா மூஞ்சியில.”

“வீடியோவுல அவங்க முகம் எந்தப் பக்கம் நிமிருது?”

அவள் போனைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். “அதே பக்கம்.”

“கண்ணைக் கட்ட வந்தா தலை பின்னால போகும், இல்ல குனியும். சூரியனைத் தேடி நிமிராது. அந்தக் கறுப்புமேல எத்தனை கை இருக்கு?”

“ரெண்டு பேரோடதும். மாமா, அவங்களே பிடிச்சிருக்காங்க!”

“வெல்டிங் பத்தவைக்கும்போது பிடிக்கற கண்ணாடி,” என்றாள் வெல்டரின் மனைவி மெதுவாக.

“அப்ப அது கத்தினது இல்ல. வாயைப் பிளந்து பார்த்தது. சரியா தெரியுதான்னு சோதிச்சிருக்காங்க,” என்றார் இன்ஸ்பெக்டர்.

மருமகள் கைப்பைக்குள் கையை விட்டு ஒரு காகிதக் கண்ணாடியை எடுத்தாள். ஊரில் எல்லாக் கடைகளிலும் விற்றது அது. “நாளைக்குக் கிரகணம். ஆனா நம்ம ஊர்லயே கிட்டத்தட்ட முழுசா மறையுமே. மாடி போதும்னாங்களே.”

“அந்தக் கிட்டத்தட்டதான் விஷயம். நூலளவு மிச்சம் இருந்தாலும் பகல் பகல்தான். முழுசா மறையற இடத்துல நடக்கறது வேற. அது அவங்களுக்குத் தெரியும். நமக்கெல்லாம் மாடி போதும்னு தோணினதால, இதுக்காக ஒருத்தர் வீட்டைவிட்டுப் போவாங்கன்னு யாருக்கும் தோணல.” போனில் வரைபடத்தை விரித்தார். “நிழல் மலையைத் தாண்டிப் போகுது. இந்த மாசத்துல கடல்மேகம் மலைக்கு இந்தப் பக்கமே நின்னுடும். வானிலைக்காரங்க அந்தப் பக்கம்தான் போவாங்க. அங்க வேன் போற பாதை ஒண்ணுதான். வத்திப்போன ஏரியில முடியுது. டவர் கிடையாது.”

மறுநாள் காலை மருமகள் காரை ஓட்டினாள். பின்சீட்டில் மகனும் வெல்டரின் மனைவியும். ஊர்மேல் மேகம் போர்வையாகக் கிடந்தது. மாடிகளில் நின்றவர்கள் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கணவாயைத் தாண்டியதும் ஒரு திரையை விலக்கியதுபோல நீலம்.

“மாமா, பின்னாடி பைக்குங்க வருது. இந்த அக்கா வீட்டுல இருந்தே நம்மளத் தொடர்ந்து வந்திருப்பாங்க. கழுகுதான்.”

“நாம முன்னாடி இருந்தாப் போதும்.”

ஏரி வெடித்துக் கிடந்தது. நடுவில் வேன். அதன் அருகே அந்த நாற்காலியில், சால்வை போர்த்தி, வானத்தைப் பார்த்து மழையம்மா சாய்ந்திருந்தார். கார் நிற்குமுன்பே வெல்டரின் மனைவி இறங்கி ஓடிக் கணவரின் முன்னால் நின்றுகொண்டாள். அடுத்த நிமிடமே பைக்குகள் வந்தன. சிலர் கையில் இரும்புத் தடி. போனை உயர்த்திப் பிடித்திருந்த பருமனான மனிதர்தான் கழுகு.

“அவரைத் தொட முதல்ல என்னைத் தாண்டணும்,” என்றாள் அவள்.

“நடந்தது என்னன்னு நான் சொல்றேன்,” என்றார் இன்ஸ்பெக்டர். யாரும் கேட்கவில்லை. தடிகள் முன்னே வந்தன.

“தம்பி, தள்ளி நில்லு. மறைக்கறே,” என்றார் மழையம்மா.

அப்போதுதான் வெளிச்சம் கெட்டுப்போயிருப்பதை எல்லாரும் கவனித்தார்கள். தரை சாம்பல் நிறமாகியிருந்தது. ஒவ்வொருவர் நிழலும் கத்தியால் வெட்டியதுபோலத் துல்லியமாக விழுந்தது. குளிர்ந்த காற்று ஒன்று எழுந்தது. பறவைகள் கூட்டமாக மலைக்குத் திரும்பின. மேற்கே, அடிவானத்திலிருந்து இருட்டு ஒரு சுவரைப்போல நிலத்தின்மேல் ஓடி வந்தது. அது வந்த வேகத்தில் தடியோடு நின்ற ஒருவன் கையால் தலையை மறைத்துக்கொண்டான்.

“இப்ப கண்ணாடி வேண்டாம். வெறுங்கண்ணால பாருங்க,” என்றார் மழையம்மா.

சூரியன் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம். அதைச் சுற்றி நரைமுடிபோல வெண்மையான ஒளி, அசையாமல் விரிந்திருந்தது. பகலில் நட்சத்திரங்கள். எல்லாத் திசையிலும் ஒரே சமயத்தில் விடியல். எங்கோ ஒரு தடி தரையில் விழுந்தது. யாரும் திரும்பவில்லை. இன்ஸ்பெக்டர் தன் பக்கத்தில் யாருக்கோ இடம் விடுவதுபோலச் சற்று நகர்ந்து நின்றார்.

மழையம்மா மடியிலிருந்து ஒரு பழைய மூக்குக்கண்ணாடியை எடுத்து விரித்து, வானத்தை நோக்கிப் பிடித்தார். மகன் மண்டியிட்டு அந்தக் கையைத் தாங்கிக்கொண்டார்.

“உங்கப்பாவும் நானும் ஒருதடவை இதுக்காகப் போனோம். ஒரே மேகம். நான்தான் கணிச்சது, தப்பாப் போச்சு. அடுத்ததுக்குப் பார்த்துக்கலாம்னார்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா.”

“எந்த ஊருன்னு நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

விளிம்பில் ஒரு சொட்டு ஒளி வெடித்தது. பகல் திரும்பியது. ஒருவரையொருவர் பார்க்கவே அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. கழுகு போனைத் தாழ்த்தியே வைத்திருந்தார். டவர் இல்லாததால் குழுவினருக்கு எதுவும் போய்ச் சேரவில்லை.

“எல்லாரும் காத்திட்டிருப்பாங்க சார். என்ன போடறது?”

“பார்த்ததை எழுதிப் போடுங்க.”

“அதை எழுத எனக்கு வராது.”

“‘கடத்தல் இல்லை, சொன்னது தப்பு’ன்னு எழுத வரும்ல? அதைப் போடுங்க. உடைஞ்ச ஜன்னலையும் பாருங்க.”

அவர் தலையாட்டிவிட்டு டவர் தேடிக் கணவாய்க்குக் கிளம்பினார்.

வெல்டரின் முகம் நனைந்திருந்தது. துடைக்கத் தோன்றவில்லை அவருக்கு.

“சொல்லிட்டு வந்திருக்கக் கூடாதா?” என்றாள் மனைவி.

“யாருக்கும் சொல்லாதேன்னு அம்மா சொன்னாங்க.”

“நான் யாரோவா? சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல.”

“அதான் வந்துட்டியே.”

அவள் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். அன்று அவருக்கு விழுந்த அடி அது ஒன்றுதான்.