ஆறாவது சர்வீஸ்

போன் அடித்தது.

காலை ஒன்பது பத்து. மருந்துக் கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடி வந்து எடுத்தாள்.

தேன் தடவிய குரல். "வணக்கம், கார் சர்வீஸ் சென்டர்லேர்ந்து பேசறோம். சனிக்கிழமை உங்க வண்டியை சர்வீஸ் பண்ணிக் குடுத்தோம். இப்ப எப்படி ஓடுது? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள ஒரு மார்க் சொல்ல முடியுங்களா?"

ஆறாவது சர்வீஸ். ஆறாவது தடவையாக இதே கேள்வி!

நறுக்கென்று நாலு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் வாசலில் இன்ஜின் உறுமியது.

டமார்!

அதைத் தொடர்ந்து ஒரு அலறல்... பாதியிலேயே நின்றுவிட்டது.

போனைப் போட்டுவிட்டு ஓடினாள்.

கேட்டுத் தூணுக்கும் வெள்ளைக் காரின் மூக்குக்கும் நடுவே அவள் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். கார் நகர்ந்தால் விழுந்துவிடுவான். தலை பானெட் மேல் கவிழ்ந்திருந்தது. கேட்டுச் சாவி விரலில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

காருக்குள்ளே அவள் கணவன். கண்ணாடிக் கடை வைத்து ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிறவன். இப்போது அவன் கண்ணாடி கோணலாகத் தொங்கியது.

"நான் இல்ல... வண்டிதான்... வண்டிதான் பாஞ்சுது..."

அவள் நம்பினாள். நம்பாமல் எப்படி இருக்க முடியும்? அந்தக் காரின் வண்டவாளம்தான் தெருவுக்கே தெரியுமே!

வாங்கிப் பதினோரு மாதம். ஆட்டோமேட்டிக் கியர். கிளட்ச் இல்லை, கவலையும் இல்லை என்று சொல்லி விற்றார்கள். மூன்றாவது வாரமே கவலை வந்துவிட்டது. வேகம் எடுக்கும்போது முதுகில் குத்து விட்ட மாதிரி ஒரு உதறல். சிக்னலில் பச்சை விழுந்தால் ஒரு நொடி செத்த மாதிரி நிற்கும். அடுத்த நொடி எகிறிப் பாயும். ஒருநாள் அப்படிப் பாய்ந்து கேட்டுத் தூணில் முட்டியதில் முன் விளக்கு நொறுங்கிவிட்டதாகக் கணவன் வந்து சொன்னான். அன்று அவள் வீட்டில் இல்லை.

சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்தால் மட்டும் பசு மாதிரி நடக்கும். ஒவ்வொரு தடவையும் சர்வீஸ் புத்தகத்தில் அதே வரி: 'ஓட்டிப் பார்த்தோம். குறை எதுவும் இல்லை.' பிறகு பளபளவென்று கழுவித் தருவார்கள். ஆறு தடவை, ஆறு தேதி. அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். மருந்துக் கடையில் பன்னிரண்டு வருஷம் நின்றவள். எந்த டப்பாவை எடுத்தாலும் பெயருக்கு முன்னால் தேதியைப் பார்க்கிற கண்.

இப்போது அந்த ஒரு வரிதான் கழுத்தை அறுத்தது.

"குறை எதுவும் இல்லைன்னு ஆறு தடவை எழுதியிருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். குட்டையாக வெட்டிய நரை முடி, அலுத்துப்போன கண்கள். ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிற பெண்மணி. "வண்டில குறை இல்லன்னா வேற யார்கிட்டம்மா குறை?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. திங்கட்கிழமை சாயந்தரம் மச்சானும் மாப்பிள்ளையும் கேட்டருகே நின்று கடுகடுவென்று பேசிக்கொண்டதாகச் சொல்லிவிட்டார்கள். மச்சான் காரைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார், நான் மறுத்தேன், வேறு ஒன்றுமில்லை என்றான் கணவன். ஜன்னல் வழியாக அவளும் அதைப் பார்த்திருந்தாள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அண்ணன், குனிந்து கேட்டுத் தூணை விரலால் தடவிக்கொண்டிருந்தான். தூணில் என்ன இருக்கிறது என்று நினைத்தாளே தவிர, கேட்கவில்லை.

மறுநாள் இருவரும் எங்கோ போகக் கிளம்பினார்கள். அண்ணன் கேட்டைத் திறக்க முன்னால் போனான்.

கணவனின் வாக்குமூலம் தெளிவாக இருந்தது. சனிக்கிழமை சர்வீஸ் முடிந்தும் கார் திருந்தவில்லை. ஞாயிறும் எகிறியது, திங்களும் எகிறியது. திங்கட்கிழமை போன் செய்து புகாரும் கொடுத்தான். செவ்வாய்க்கிழமை பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் கார் தானாகப் பாய்ந்தது.

அன்று மத்தியானமே சர்வீஸ் சென்டர் மேனேஜர் டை கட்டிக்கொண்டு வந்தார். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கருவியைச் செருகினார். ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. குறை எதுவும் இல்லை, கியர் பெட்டி புதுசு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

"பொய்!" என்று கத்தினாள் அவள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனிதர். அவர் பேச்சை நம்ப அவள் என்ன கேணையா?

லாக்கப் கம்பிக்குப் பின்னால் கணவன் ஒரே நாளில் பாதி ஆகியிருந்தான்.

"நீயாவது நம்பறியா?"

"நம்பறேங்க."

"அங்க ஒரு மெக்கானிக் இருக்கான். ஸ்பேனர்னு கூப்பிடுவாங்க. ஆறு தடவையும் வண்டியைத் தொட்டது அவன்தான். கியர்ல கோளாறுன்னு அவன் வாயால வந்தா நான் வெளிய வந்துடுவேன்." கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. "இல்லன்னா இங்கயே செத்துடுவேன்."

கியர் குற்றவாளி என்றால் புருஷன் நிரபராதி. கியர் நிரபராதி என்றால்... அதற்கு மேல் அவள் நினைக்க விரும்பவில்லை. அண்ணனை அடக்கம் செய்த மண் கையில் காயவில்லை. அழக்கூட நேரமில்லாமல் அலைந்தாள்.

இரண்டு நாள் ஸ்டேஷன் பெஞ்சே கதி. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்துப் படித்து அதுவும் மனப்பாடம் ஆகிவிட்டது. மூன்று மாதத்துக்கு முன்பு, பதினேழாம் தேதி விடியற்காலை, சைக்கிளில் பேப்பர் போடப் போன ஒருவரை ஏதோ ஒரு வாகனம் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவர் அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். உடைந்த விளக்குச் சில்லு கிடைத்திருக்கிறது. தகவல் தெரிந்தவர்கள் சொல்லலாம். பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் சர்வீஸ் சென்டரின் பின்வாசலில் காத்திருந்து ஸ்பேனரைப் பிடித்துவிட்டாள். ஒல்லியான மனிதர். நகத்துக்குள்ளெல்லாம் கிரீஸ். அவளைக் கண்டதும் ஒதுங்கப் பார்த்தார். வழியை மறித்து நின்றாள்.

"அண்ணே, உண்மையைச் சொன்னாப் போதும்."

"என் வேலை போயிடும்மா."

"எனக்கு அண்ணன் போயிட்டான். புருஷன் போகப் போறாரு. உங்களுக்கு வேலை மட்டும்தானே போகும்?"

ஸ்பேனர் அழுக்குத் துணியில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கை எத்தனை துடைத்தாலும் சுத்தமாகாது என்று அவருக்கே தெரியும்.

"காலைல வரேன், போம்மா."

சொன்னபடி வந்தார்!

ஸ்டேஷன் பின்புறம், காருக்குப் பக்கத்தில் எல்லோரும் கூடினார்கள். கான்ஸ்டபிள் கணவனையும் அழைத்து வந்திருந்தார். ஸ்பேனர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஆறு தடவையும் கோளாறு இருந்துச்சு மேடம். கருவியை மாட்டினா வரிசையாக் காட்டும். அழிச்சுட்டுக் கழுவிக் குடுன்னு மேனேஜர் சொல்வார். நான் அழிச்சுடுவேன்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்கறேன்."

கணவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவள் ஓடிப் போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். நாலு நாளுக்குப் பிறகு நெஞ்சுக்குள் காற்று போனது. வீட்டுக்குக் கூட்டிப் போய் முதலில் தூங்க வைக்க வேண்டும் என்று நினைத்தாள்.

"கியர் பெட்டி நம்பரையும் எழுதிக்கணும்" என்றார் இன்ஸ்பெக்டர், பேனாவைத் திறந்தபடி. "எங்க இருக்கும்?"

ஸ்பேனரின் முகம் மாறியது. அடியில் இருக்கிறது, பார்ப்பது கஷ்டம், நம்பர் எதற்கு என்று மென்று விழுங்கினார். இன்ஸ்பெக்டர் விடவில்லை. காரைத் தூக்கி நிறுத்தினார்கள். கான்ஸ்டபிள் டார்ச்சோடு உள்ளே போய், எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கிறது என்று வெளியே வந்துவிட்டார்.

"நான் படிக்கிறேன்" என்றாள் அவள். மாத்திரை அட்டையில் இருப்பதைவிடவா பொடி எழுத்து?

மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தாள். கியர் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு வெள்ளி நிற லேபிள். நம்பரைப் படிப்பதற்கு முன்னால், பழக்கதோஷம்... கண் தேதிக்குப் போனது.

டார்ச்சைக் கிட்டே கொண்டுபோய் இன்னொரு தடவை படித்தாள்.

தயாரித்து இரண்டு மாதம்!

காருக்கு வயது பதினோரு மாதம். அதன் வயிற்றில் இருக்கிற பெட்டிக்கு இரண்டே மாதம்.

வேறு யாரும் பார்க்கவில்லை. நம்பரை மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம். புருஷன் வீட்டுக்கு வந்துவிடுவான். காருக்கு அந்தப் பக்கம் அவன் கால்கள் தெரிந்தன. ஒரு கால் படபடவென்று தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. அண்ணன் காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறதே மாப்ள, எவனோ கைராசிக்காரன் கை வைத்திருக்கிறான் என்றான். உனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று எரிந்து விழுந்தான் கணவன். பதினெட்டு வருஷமாக ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவனிடம்!

"படிச்சிட்டியா?" கணவனின் குரல். அவசரமான குரல்.

அவள் கண்ணை மூடினாள். கேட்டுச் சாவி தொங்கிய விரல் தெரிந்தது. வெளியே வந்தாள்.

"மேடம், இந்தப் பெட்டி தயாரிச்சு ரெண்டு மாசம்தான் ஆகுது."

ஸ்பேனர் இனி மறைத்துப் பயனில்லை என்று கக்கிவிட்டார். ஒரே கார் அடிக்கடி வந்தால், சொல்லாமல் கொள்ளாமல் புதுப் பெட்டி மாற்றிவிடுவது அவர்கள் வழக்கம். சொன்னால் கோளாறை ஒப்புக்கொண்டதாகிவிடும். மற்ற கார்க்காரர்களும் வரிசையில் வந்து நிற்பார்கள். அதனால் பேப்பரில் 'குறை எதுவும் இல்லை.' சனிக்கிழமை இந்தக் காருக்கு நடந்ததும் அதுதான்.

"திங்கக்கிழமை இவர் போன்ல பழைய கோளாறையே வார்த்தை மாறாமச் சொன்னாரு. அந்தப் பழைய பெட்டி எங்க குப்பையில கிடக்குது மேடம்!"

"புதுப் பெட்டிலயும் அதே கோளாறு இருக்கலாமில்ல?" கணவனின் குரல் கீச்சிட்டது.

இன்ஸ்பெக்டர் ஸ்பேனரைப் பார்த்தார். ஸ்பேனர் பையிலிருந்து கருவியை எடுத்துச் செருகினார். மேனேஜர் கோளாறு இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்துவிட்டுப் போனார். ஓட்டியவரின் கால் எதை மிதித்தது என்பதும் அதில் பதிவாகியிருக்கும்; அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"இதை இன்னும் யாரும் அழிக்கல மேடம். செவ்வாய்க்கிழமை, ஒன்பது பன்னண்டு. ஆக்சிலரேட்டரை அடிவரைக்கும் மிதிச்சிருக்கு." ஸ்பேனர் கருவியை இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பினார். "பிரேக் பக்கம் காலே போகல."

இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கொண்டார்.

அவள் சுவரில் சாய்ந்தாள். மனதுக்குள் தேதிகள் ஒன்றோடொன்று வந்து ஒட்டிக்கொண்டன.

"மூணாவது சர்வீஸ், மூணு மாசத்துக்கு முன்னாடி பதினெட்டாம் தேதி" என்றாள் மெதுவாக. "அன்னைக்குத்தான் முன் விளக்கு மாத்தினோம். முந்தின நாள் தூண்ல இடிச்சிட்டதாச் சொன்னாரு. எங்கண்ணன் அந்தத் தூணைத்தான் தடவிப் பார்த்தான். அதுல ஒரு கீறல்கூட இல்ல. உங்க சுவர்ல இருக்கற நோட்டீஸ் பதினேழாம் தேதி, மேடம்."

"அதே நோட்டீஸை டிரைவிங் ஸ்கூல்லயும் ஒட்டியிருந்தோம்" என்றார் இன்ஸ்பெக்டர். இப்போது அந்தக் கண்களில் அலுப்பே இல்லை.

கணவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். சைக்கிள்காரரை அடித்ததை, மச்சான் கண்டுபிடித்ததை, செவ்வாய்க்கிழமை காலை தானே ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போவதாக மச்சான் கெடு வைத்ததை எல்லாம் உடைந்து உடைந்து சொன்னான். ஊரறிந்த கோளாறு இருக்கும்போது யார் சந்தேகப்படுவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறான். மச்சான் வாயும் அடைபடும், தூணிலும் கீறல் விழும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

"நீ ஏன் சொன்னே?" என்று அவளைப் பார்த்துக் கேட்டான்.

"நம்பினேங்க. அதான் தேடினேன்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நாலு நாளாக அண்ணனுக்குப் பாக்கி வைத்திருந்த அழுகை. ஸ்பேனர் தன் அழுக்குத் துணியை நீட்டினார். வாங்கிக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து, வீட்டில் போன் அடித்தது.

அதே தேன் தடவிய குரல். "போன தடவை பேசும்போது லைன் கட்டாயிடுச்சுங்க. வண்டி எப்படி ஓடுது? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள ஒரு மார்க்..."

அவள் வாசலைப் பார்த்தாள். தூணில் இப்போது கீறல் இருந்தது.

"பத்துக்குப் பத்து போட்டுக்கங்க. கியர் சுத்தமா இருக்கு. கோளாறெல்லாம் ஓட்டினவர்கிட்டதான். அவரைத் தனியா சர்வீஸுக்கு விட்டிருக்கேன், டெலிவரிக்கு இருபது வருஷம்கூட ஆகலாமாம்!"