தேசப்பனின் இலை

பெரியவர்களுக்குப் படைத்த இலையில் யாரோ கை வைத்திருந்தார்கள். சோற்றுக் குவியலில் நான்கு விரல் தடம்.

சாத்திய அறைக்குள் தேசப்பன் மட்டும்தான் இருந்தார். கல்யாணப் பேச்சு எடுத்தால், கே.ஜி.கண்டிகையில் அவர் வீட்டில் செத்துப்போன பெரியவர்களுக்குத்தான் முதலில் படைப்பார்கள். பிறகு குடும்பத் தலைவர் அந்த இலையில் தனியாக உண்டு முடித்துக் கதவைத் திறந்தால்தான் மற்றவர்களுக்குச் சோறு. நாற்பது வருடமாக அவர் தவறியதில்லை. இன்று கஞ்சியே இறங்காத தொண்டை.

உணவுக்குழாயில் புற்றுநோய். அவர் ரகசியமாகப் போய்வந்த சென்னை ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், உணவு ஆலோசகர், நர்ஸ் அனுராதா எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே முடிவாகச் சொன்னார்கள். முதலில் வயிற்றில் குழாய் வைத்து உடம்பைத் தேற்ற வேண்டும், பிறகு மருந்தும் கதிர்வீச்சும், கடைசியில் ஆபரேஷன். பிழைக்க வழி இருந்தது. ஆனால் வயிற்றில் குழாயோடு சபையில் உட்காருவதா? பேத்தி கல்பனாவைக் கேட்டு வந்தவர்கள் வம்ச வியாதி என்று எழுந்து போய்விடுவார்கள். நிச்சயதார்த்தம் முடியட்டும் என்று ஆஸ்பத்திரிக் காகிதங்களை ஒளித்துவைத்தார்.

அதனால்தான் சற்றுமுன் இலைக்கு முன் குனிந்து, செத்துப்போன தகப்பனிடம் கெஞ்சினார். "நைனா, என்னால முடியல. எனக்குப் பதிலா நீயே துன்னுடு."

கற்பூரப் புகையும் வடையின் எண்ணெய் வாசனையும் தேங்கிய அந்த அறையில், அவர் காதோரம், அடைப்பே இல்லாத ஒரு தொண்டை நிதானமாக, ஆசையாக விழுங்கும் சத்தம் கேட்டது. சோறு குறைந்துகொண்டே வந்தது.

கதவைத் திறந்ததும் மகன் தணிகைவேல் இலையைப் பார்த்துச் சிரித்தான். "இன்னா நைனா, இலையையாவது வுட்டு வெச்சியே!"

தேசப்பன் நிமிர்ந்து நடந்தார். மானம் தப்பியது.

மறுநாளும் தட்டு காலியானது. அதற்கு மறுநாளும். சாப்பிட உட்கார்ந்தாலே அந்தச் சத்தம் வந்தது. பிறகு, கொஞ்சமாவது இறங்கிக்கொண்டிருந்த கஞ்சியும் உதட்டைத் தொடுமுன் தீர்ந்தது. இளநீர் தீர்ந்தது. வெறும் தண்ணீரும்.

"இவ்ளோ துன்றியே, எல்லாம் எங்க போவுது? குச்சியாட்டம் கீறே," என்றான் தணிகைவேல்.

நிச்சயதார்த்தத்தன்று காலை அனுராதா போன் செய்தாள். "ஐயா, உங்களுக்காகத்தான் டாக்டருங்க எல்லாரும் இன்னிக்கு உக்காந்திருக்காங்க. இன்னிக்கு வந்துட்டாகூட காப்பாத்தலாம்ங்க."

வருகிறேன் தாயே, குழாய் வையுங்கள், எதை வேண்டுமானாலும் வையுங்கள். அப்படிச் சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். காதோரத்திலிருந்து அவருடைய குரலே பேசியது.

"நான் நல்லா துன்னுகினு கீறேம்மா. வேற ஆளப் பாருங்க."

போன் அணைந்தது.

மானம் போகட்டும். சபையில் சொல்லிவிடுவது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். பந்தி நடந்துகொண்டிருந்தது. அவருடைய இடத்தில் இலை போட்டிருந்தது.

இலைக்கு முன் ஆள் இருந்தது.

அவருடைய முகம். அவருடைய வேட்டி. கன்னம் மட்டும் உப்பலாக இருந்தது. சம்பந்தி அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார். "பெரியவருக்கு இன்னும் ரெண்டு கரண்டி போடுப்பா. எளவட்டமெல்லாம் தோத்துப் போவணும்!"

"எனக்கு வியாதி! ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போங்க!"

தேசப்பன் கத்தினார். யாரும் திரும்பவில்லை. சுவரை விட்டு ஓரடி வைத்தார். விழுந்தார்.

கல்பனா வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பக்கத்தில் மண்டியிட்டாள்.

"தண்ணி, கண்ணு... தண்ணி..."

அவள் கையைத் திறந்து, பிணத்துக்குப் போடுவதைப்போல, திறந்திருந்த வாயில் பச்சரிசியைப் போட்டாள்.

அவளுக்குப் பின்னால் தணிகைவேல் நின்றான். அவனுக்குப் பின்னால் சம்பந்தி. வாசல் வரை வரிசை. எல்லார் கையும் மூடியிருந்தது.