ரோஸ் பாசி

குளியலறையில் காய்ந்து கிடந்த மூலையில் ரோஸ் பாசி படிந்திருந்தது.

வாளியின் விளிம்பிலோ, சோப்பு டப்பாவின் அடியிலோ, தண்ணீர் போகும் சல்லடையைச் சுற்றியோ வந்திருந்தால் தாஹிரா ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாள். ராயபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினோரு வருடம் துப்புரவு வேலை பார்த்தவள். சோப்பு நுரையும் ஷாம்புவும் உடம்பு அழுக்கும் கலந்து ஈரம் காயாமல் கிடக்கும் இடத்தில்தான் இந்த வழவழப்பு வரும், பெயர்தான் பாசி, உண்மையில் அது கிருமி என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் இந்த மூலைக் குழாயில் தண்ணீர் வந்து இரண்டு மாதமாகிறது. கீழே அடிபம்பில் அடித்துக் குடத்தில் தூக்கி வந்துதான் வாளியை நிரப்புகிறாள். குளிப்பதும் எதிர்ச் சுவரோரம். அந்தக் குழாயடியில் நின்று தொழுகைக்கு ஒளு செய்கிறவன் அவள் புருஷன் வஹாப். ஆபரேஷன் முடிந்து வீடு வந்த நாளிலிருந்து அவன் குளியலறைக்குள் கால் வைக்கவில்லை.

வைக்க அவனுக்கு ஒரு கால்தான் மிச்சமிருந்தது. துறைமுகத்துக்குச் சரக்கு போகும் குடோனில் இரும்புச் சுருள் சரிந்து விழுந்ததில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தண்டையார்பேட்டையில் அந்த மாடி வீட்டுக் கூடத்தில், ஜன்னலோர இரும்புக் கட்டிலில், தெருவில் வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகளின் உறுமலைக் கேட்டபடி அவன் நாள் முழுக்கப் படுத்திருந்தான். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவளிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். புண் ஆறும்வரை கிருமி அண்டக்கூடாது. அண்டினால் இன்னும் மேலே வெட்ட வேண்டிவரும்.

தாஹிரா சேலையைத் தூக்கிச் செருகினாள். குளியலறை ஜன்னல் கதவைத் திறந்துவிட்டாள். ஒரு முழம் தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர், வெயில் என்பதே வராது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து அந்த ரோஸ் தடத்தின் மேல் ஊற்றினாள். பத்து நிமிடம் ஊற வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, கூடத்திலிருந்து வஹாப் கத்தினான்.

"தாஹிரா, எரியுது."

ஓடினாள். அவன் வியர்த்துப்போய்க் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"புண்ணா?"

"புண்ணு இல்ல. காலு. பாதம் எரியுது. நெருப்புல வெச்ச மாரி கீது."

போர்வை அவனுடைய வலது முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. அங்கே பாதம் இல்லை. எடுத்த கால் வலிப்பதுபோல் இருக்கும், பயப்படாதீர்கள் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தார்கள். மாத்திரை கொடுத்து, தலையைக் கோதிவிட்டு, அவன் கொஞ்சம் அடங்கியதும் திரும்பிப் போய்த் தேய்த்தாள். பிரஷ்ஷின் கரகரப்புக்கு நடுவே அவன் முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசித் துளி ரோஸ் சல்லடைக்குள் இறங்கிப் போனபோது முனகலும் நின்றது.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். தரையை வைப்பரால் தள்ளி, பழந்துணியால் ஒற்றியெடுத்தாள். வாளியையும் மக்கையும் கவிழ்த்து வைத்தாள். சோப்பைக் கம்பித் தட்டுக்கு மாற்றினாள். கதவைத் திறந்தே போட்டாள். காற்றுப் பட்டால், காய்ந்தால், அது வராது.

புதன்கிழமை அது திரும்ப வந்துவிட்டது.

இந்தமுறை வடிவம் தெளிவாக இருந்தது. குதிகாலின் வட்டம், அப்புறம் உள்ளங்காலின் வளைவு, முன்னே ஐந்து விரல்கள். சுண்டுவிரல் தனியாக விழாமல் பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. தாஹிரா குத்துக்காலிட்டு அதையே பார்த்தாள். கல்யாணமான புதிதில் அந்த விரலைப் பிடித்து இழுத்து அவனைச் சீண்டியிருக்கிறாள். பிறவியிலேயே அப்படி, வலது காலில் மட்டும்.

பிளீச்சிங் வாடையில் தலை சுற்றுகிறது என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு இன்னும் பவுடர் டப்பாவையே திறக்கவில்லை.

விரலை நீட்டி, ஏறி உட்கார்ந்திருந்த அந்தச் சுண்டுவிரலை நகத்தால் மெல்லச் சுரண்டினாள்.

"யாரு அது கிள்றது?" என்றான் வஹாப், கூடத்திலிருந்து. தூக்கக் கலக்கத்தில் சிரித்த குரல். "சுண்டுவெரல வுடு தாஹிரா."

அவள் நகத்தடியில் ரோஸ் கோழை ஒட்டியிருந்தது. வெகுநேரம் கையைக் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை கட்டு மாற்ற அலெக்ஸாண்டர் வந்தான். காசிமேட்டுக்காரன், அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்காக வாரம் இரண்டுமுறை வீட்டுக்கே வந்து கட்டு மாற்றிக்கொண்டிருந்தான். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, புண் நன்றாக ஆறுவதாகச் சொன்னான். கை கழுவப் போனவன் குளியலறை வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அக்கா, இன்னா இது? இத்தினி வருசம் ஆஸ்பத்திரில இருந்த, நீயே இப்டி வுட்டு வெச்சிக்கீற?"

"தேய்க்கத்தான் போறேன்பா."

"புண்ணு கீற வூட்ல இது ஆகாதுக்கா. ரத்தத்துல ஏறுச்சின்னா பேஜாரா பூடும். குடு, நானே தேய்ச்சி வுட்டுப் போறேன்." அவன் பிரஷ்ஷை எடுத்துவிட்டான்.

தாஹிரா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவு அழுத்திப் பிடிப்போம் என்று அவளே நினைக்கவில்லை. அலெக்ஸாண்டர் அவளை ஒருமாதிரி பார்த்துவிட்டு பிரஷ்ஷைக் கீழே வைத்தான்.

"அவரு இப்பத்தான் அசந்து தூங்கறாரு. சத்தம் வாணாம். நான் பாத்துக்கறேன்."

அவள் பார்த்துக்கொள்ளவில்லை. அன்றைக்கும், மறுநாளும், அதற்கடுத்த நாளும் பிளீச்சிங் டப்பாவைத் தொடவில்லை. வஹாப் விபத்துக்குப் பிறகு முதல்முறையாக விடியும்வரை தூங்கினான். இரண்டு தட்டு சோறு கேட்டுச் சாப்பிட்டான். குடோன் தோஸ்துகளுக்கு போன் போட்டுச் சிரித்தான். கால் இதமாக இருக்கிறது, யாரோ ஈரத் துணி சுற்றிவிட்ட மாதிரி சில்லென்று இருக்கிறது என்றான். அவன் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே தாஹிரா குளியலறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். குளிக்கக் கீழ்வீட்டு ரமாபாயிடம் போனாள்.

"மேல இன்னா, பாத்ரூம் அடைச்சிக்கிச்சா?" என்று ரமாபாய் கேட்டாள்.

"ஆமாக்கா. ரெண்டு நாளு."

தினமும் ஒருமுறை மட்டும் கதவைத் திறந்து பார்ப்பாள். தரையிலிருந்த பாதம் சுவரில் ஏறத் தொடங்கியிருந்தது. முதலில் கணுக்கால், பிறகு கெண்டைக்கால். டைல்ஸ் இணைப்புகளின் கறுப்புக் கோடுகளைத் தாண்டி வழவழவென்று மேலேறிய அந்த ரோஸில் மயிர்க்கால்கள்கூடப் புள்ளிகளாகத் தெரிந்தன. எடுத்த கால் அவ்வளவுதானே, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டாக்டர் வெட்டிய இடம் வந்ததும் நின்றுவிடும். முழங்காலுக்குக் கீழே நின்றுவிடும்.

முழங்காலுக்குக் கீழே நிற்கவில்லை.

தொடை வந்தது. இடுப்பு வந்தது. மழை விடாமல் பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை, சுவர் முழுக்க ஈரம் ஊறிக் கறுத்திருந்தபோது, அந்த இடுப்பிலிருந்து இன்னொரு கால் கீழே இறங்கியிருந்தது.

இடது கால்.

தாஹிரா கூடத்துக்கு வந்து போர்வையை விலக்கினாள். வஹாபின் இடது கால் வெளுத்துப்போயிருந்தது. தொட்டாள். ஐஸ் பெட்டியில் வைத்த மீனைத் தொட்டதுபோல் இருந்தது. கிள்ளினாள். இன்னும் அழுத்திக் கிள்ளினாள். நகம் பதிந்த இடத்தில் ரத்தம் கட்டியது. அவன் மழையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான்.

"இன்னாங்க, வலிக்கலையா?"

"இன்னா வலி? ஜம்முனு கீது தாஹிரா. ரெண்டு காலும் ஜம்முனு கீது."

ரெண்டு காலும் என்றான்.

அவள் அலெக்ஸாண்டருக்கு போன் செய்தாள். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, வண்டி வராது, நாளைக் காலையில் முதல் வேலையாக வருகிறேன் என்றான். அதுவரை கால் சூடு இறங்காமல் கம்பளி சுற்றச் சொன்னான். சுற்றினாள். பிறகு பிளீச்சிங் டப்பாவை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய் வாளியில் கரைத்தாள். அவன் வலியில் துடித்தாலும் பரவாயில்லை, அலறட்டும், அவனுடையது அவன் உடம்புக்கே திரும்பட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரிலிருந்த இடது பாதத்தில் பிரஷ்ஷை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

அந்த அலறலுக்குக் கீழ்வீட்டிலிருந்து ரமாபாய் ஓடிவந்து கதவைத் தட்டினாள். கட்டிலில் வஹாப் வில்லாக வளைந்து கிடந்தான். வாயோரம் நுரை. "வாணாம். உன் கால்ல வுழுறேன். தேய்க்காத." தாஹிரா அவன் இடது காலைத் தடவிப் பார்த்தாள். அது இன்னும் ஜில்லென்றுதான் இருந்தது. வலி மட்டும் அவனிடம் வந்திருந்தது. கால் வரவில்லை.

ரமாபாயிடம் எதையோ சொல்லி அனுப்பிவிட்டு, கட்டிலருகே தரையில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரஷ் குளியலறையிலேயே கிடந்தது. தாழ்ப்பாள் போட எழுந்திருக்கவில்லை. அவளால் இன்னொரு தடவை தேய்க்க முடியாது.

சாயங்காலம் நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. மின்சாரம் போயிற்று. டிரெய்லர்கள் இஞ்சினை அணைத்துவிட்டதால் தெருவில் மழையின் சத்தம் மட்டும். அவள் பிடித்திருந்த கை மெல்ல மெல்லக் கனத்தது. முதலில் விரல் நுனிகள் ஜில்லிட்டன. பிறகு உள்ளங்கை. பிறகு மணிக்கட்டு. சூடு பறக்கத் தேய்த்தாள், மூச்சை ஊதினாள், மார்போடு அணைத்துக்கொண்டாள். ஜில்லிப்பு ஏறிக்கொண்டே போனது.

"இன்னாங்க."

அவன் கண்கள் அவளைப் பார்த்தன. உதடு அசைந்தது. குரல் வரவில்லை.

"ஏங்க, பேசுங்க. எதுனா பேசுங்க."

உதடும் நின்றது. கண்கள் திறந்தபடி, அவளைத் தாண்டி எங்கோ.

"தாஹிரா."

பக்கத்திலிருந்து வரவில்லை. டைல்ஸ் சுவரில் மோதி எதிரொலிக்கும் குரல். குளிக்கும்போது துண்டு கேட்டுக் கூப்பிடுவானே, அதே குரல்.

"தாஹிரா, ஜன்னல மூடு."

அவள் எழுந்தாள். கூடத்தைக் கடக்க ஏழெட்டு அடிதான். செல்போன் வெளிச்சத்தைப் போட்டாள்.

சுவரோடு சுவராக அவன் நின்றிருந்தான். இரண்டு கால்கள், இடுப்பு, மார்பு, தொங்கிய இரு கைகள். கழுத்துவரை மினுமினுப்பு. அதற்கு மேலே கசிந்து கசிந்து தாடை, மூக்கு, நெற்றி. ஜன்னல் பக்கத் தோள் மட்டும் வறண்டு, ஓரங்களில் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது.

"மூடு. காத்து பட்டா காஞ்சி பூடுவேன்."

பிளீச்சிங் கரைத்த வாளி காலடியில் இருந்தது. பிரஷ்ஷும். பக்கத்தில் நல்ல தண்ணீர்க் குடம்.

"ரொம்ப எரியுது தாஹிரா. தண்ணி ஊத்து."

அவள் ஜன்னலைச் சாத்தினாள். கதவையும் சாத்தினாள். மக்கை எடுத்தாள். குடத்தில் முக்கினாள். தோளில் ஊற்றினாள். செதில்கள் அடங்கின. பளபளப்பு திரும்பியது. சுவரிலிருந்து நீண்ட பெருமூச்சு.

"இன்னும்."

ஊற்றினாள்.

"சோப்பு போடு."

சோப்பை எடுத்தாள். நுரை வரத் தேய்த்தாள். உள்ளங்கையை அந்த மார்பில் வைத்தாள்.

சூடாக இருந்தது. துடித்தது.

அவள் கையின் மேல் ஒரு ஈரக் கை வந்து படிந்தது.