மார்கிரட்டாகப் பழகிய நாட்கள்

மார்கிரட் தும்மினாள். தும்மி முடித்ததும் "முருகா" என்றாள்.

அரிசி களைந்துகொண்டிருந்த உதயகலாவின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிட்டது. மார்கிரட் யாழ்ப்பாணத்துக் கடற்கரையான குருநகரில் பிறந்து, ஞாயிறு தவறாமல் பூசை கண்டு வளர்ந்தவள். இந்த வீட்டுக்கு வந்த அன்று தும்மியபோது "யேசுவே" என்றுதான் சொன்னாள். உதயகலா அவளுக்கு எத்தனையோ சொல்லிக் கொடுத்திருந்தாள். தும்மினால் என்ன சொல்வது என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

"அக்கா, இப்ப என்ன சொன்னனீங்கள்?"

"எப்ப?"

"தும்மேக்கை."

"நான் எங்கை தும்மினனான்?" மார்கிரட் சிரித்தாள். "உமக்கு வெக்கை மண்டைக்குள்ளை ஏறீட்டுது பிள்ளை."

வெக்கையாகத்தான் இருக்கும். ஆபிரிக்காவில் டோகோ என்று ஒரு நாடு இருப்பதே இரண்டு மாதங்களுக்கு முன் உதயகலாவுக்குத் தெரியாது. இப்போது அதன் தலைநகரான லோமேக்கு வெளியே, உயர்ந்த மதிலுக்குள் ஒரு தகரக் கூரை வீட்டில், மழை தொடங்கப் போகும் காலத்தின் புழுக்கத்தில் அவள் வெந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு பின்னேரமும் வானம் கறுத்து வரும், இரண்டு துளி விழும், பிறகு மண்ணிலிருந்து ஆவிதான் எழும்பும். அயல்வீட்டுப் பெண்கள் அவித்த கிழங்கை உரலில் போட்டு இடிக்கும் சத்தம் நெஞ்சுக்குள் கேட்பதுபோல ஒரே தாளத்தில் வந்துகொண்டிருக்கும். மதிலில் செம்மஞ்சள் தலை ஓணான்கள் அவளைப் பார்த்து ஓம் ஓம் என்று தலையாட்டும். முற்றத்து மண் மட்டும் அவளுடைய ஊரான சுன்னாகத்துத் தோட்டமண்ணைப் போலவே சிவப்பு. வந்த அன்று அதைப் பார்த்துத்தான் ஆறுதல்பட்டாள்.

அவளுடைய கணவன் செந்தூரன் ரொறன்ரோவில் இருந்தான். மனைவிக்கு விசா தர கனடா மறுத்துவிட்டது. ஐந்து வயது மகள் நிவேதனாவைத் தன் தாய் பராசக்தியிடம் விட்டுவிட்டு, ஏஜென்ற் வின்சன்ற்றை நம்பி அவள் விமானம் ஏறினாள். எப்படியாவது கனடாவுக்குப் போய்விட்டால் மகளைக் கூப்பிட்டுவிடலாம். அது ஒன்றுதான் எண்ணம்.

வின்சன்ற் வழி சொன்னான். "கனடா ஒருக்கா மாட்டன் எண்ட பேர் அங்கை சரிவராது, தங்கச்சி. ஆனா பிரான்சுக்குச் சரி. மார்கிரட்டைப் பிரான்ஸ் மறுத்திட்டுது, கனடாவுக்கு அவவின்ரை பேர் சுத்தம். அப்ப என்ன? ரெண்டு பேரும் ஆளை ஆள் மாத்துங்கோ. முகவெட்டும் கிட்டமுட்ட ஒண்டுதான். அவ உதயகலா, நீர் மார்கிரட். அங்கை போய் இறங்கினாப் பிறகு பழையபடி ஆகலாம்."

பாஸ்போட் மாறியது. தொலைபேசி மாறியது. தாலிக்கொடியும் மாறவேண்டும் என்றான் வின்சன்ற், கலியாணப் படத்தில் இருக்கிறதாம். கணவன் உயிரோடிருக்க அவள் தாலியைக் கழற்றிக் கொடுத்தாள். பதிலுக்கு மார்கிரட் தன் சிலுவைச் சங்கிலியை அவள் கழுத்தில் பூட்டிவிட்டு, "நல்லாக் கிடக்கு" என்று கன்னத்தைத் தட்டினாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் பாயில் எதிரெதிரே இருந்து, ஆளுக்கு ஆள் தங்கள் வாழ்க்கையைப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். வின்சன்ற் பின்னால் பூனைபோல வந்து, "உதயகலா!" என்பான். அவள் திரும்புவாள்.

"பிடிபட்டிட்டீர்! எயாப்போட்டிலை உப்பிடித் திரும்பினால் நேரை மறியல் வீடுதான். உதயகலா எண்டால் சுவர் மாதிரி நிக்கோணும், விளங்குதோ?"

மார்கிரட் ஒருமுறைகூடப் பிடிபடவில்லை.

தும்மிய அன்றுதான் உதயகலா கவனிக்கத் தொடங்கினாள். அவளுடைய கூறைச்சேலை என்ன நிறம் என்று வின்சன்ற் கேட்டபோது, "பச்சை" என்று அவள் வாய் சொல்லியது.

"இல்லைப் பிள்ளை, குங்குமச் சிவப்பு," என்றாள் மார்கிரட் மெதுவாக. படத்தைத் திறந்து பார்த்தார்கள். குங்குமச் சிவப்பு.

சொல்லிக் கொடுத்தது எல்லாம் அவளிடமிருந்து போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துத் தோழியின் பெயர் போயிற்று. கிணற்றடியில் நின்ற மரம் எது என்பது போயிற்று. இரத்தினம்போலக் காத்துவைத்திருந்த கலியாணநாள்கூட, யாரோ சொல்லிக் கேட்ட கதையாகிவிட்டது. அதற்குப் பதிலாக அவள் ஒருநாளும் நிற்காத கடற்கரையின் உப்புக்காற்று மூக்கில் அடித்தது. மீன் மச்சம் தொடாத வீட்டில் வளர்ந்தவள், சந்தையிலிருந்து வந்த மீனைக் கத்தி எடுத்து, செவுள் கிழித்து, குடல் இழுத்துக் கழுவி முடித்த பிறகுதான் தன் விரல்களைப் பார்த்துப் பயந்தாள்.

ஒன்றை மட்டும் அவள் கொடுக்கவில்லை.

"பிள்ளையை எப்பிடி நித்திரையாக்கிறனீர்?" என்று மார்கிரட் கேட்டாள்.

"அது வேண்டாம் அக்கா."

"கேள்வி கேப்பாங்கள்."

"அதைக் கேக்கமாட்டாங்கள்."

மார்கிரட் வின்சன்ற்றைப் பார்த்தாள். அவன் பாயின் ஓரத்தில் குந்தினான். "தங்கச்சி, ஒரு பதிலிலை அவ பிழைச்சால் உம்மடை பயணமும் முடிஞ்சுது. திரும்பிச் சுன்னாகத்துக்குப் போய் வெங்காயம் நடும். பிள்ளை தகப்பனை ரெலிபோனிலைதான் பாத்து வளரும். பறவாயில்லையோ?"

அயலில் உரல் இடித்தது. ஓணான் தலையாட்டியது. வியர்வை கண்ணுக்குள் இறங்கிக் கரித்தது.

"காதுமடலைப் பிடிச்சு, 'இது ஆற்றை காது?' எண்டு கேப்பன்," என்றாள் உதயகலா. "'அம்மாடை காது' எண்டு சொல்லுவாள். திருப்பித் திருப்பிக் கேக்க நித்திரையாயிடுவாள்."

சொல்லி முடித்த கணத்தில் அவளுக்கு நெஞ்சுக்குள் எதுவோ கழன்று விழுந்தது. மார்கிரட் கண்ணை மூடி, நல்ல சாப்பாட்டை விழுங்குவதுபோல மெல்ல விழுங்கினாள்.

மறுநாள் பின்னேரம் வானம் வழக்கத்தைவிடக் கறுத்தது. காற்று அடியோடு நின்றது. உரல் சத்தம் நின்றது. அந்த நேரம் பார்த்து யாழ்ப்பாணத்திலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. அங்கே இரவு. நிவேதனா படுக்கிற நேரம்.

மார்கிரட் தொலைபேசியை எடுத்தாள். நெற்றியில் திருநீறு. கழுத்தில் தாலிக்கொடி.

"கலா!" பராசக்தியின் முகம் திரையில் மலர்ந்தது. "மெலிஞ்சு போனாயடி. சாப்பிடுறனியோ?"

"ஓம் அம்மா. எங்கை என்ரை குஞ்சு?"

குரல். உதயகலாவின் குரல்.

நிவேதனா திரையை முட்டிக்கொண்டு வந்தாள். "அம்மா!"

"இது ஆற்றை காது?"

"அம்மாடை காது!"

உதயகலா பாய்ந்து போய்த் திரையின் முன் முகத்தை நீட்டினாள். "அம்மா! நான்தான் கலா! நிவேதனா, இஞ்சை பார், அம்மாவைப் பார்!"

பிள்ளை வீரிட்டது. "அம்மம்மா, பயமாக் கிடக்கு!"

"ஆரது கத்துறது?" பராசக்தியின் முகம் சுருங்கியது.

"பாவம் அம்மா, குருநகர் ஆள். கடலிலை பிள்ளையைப் பறிகுடுத்தவ. சில நேரம் தன்ரை பிள்ளை எண்டு ஆரையும் பிடிக்கப் பாப்பா."

"ஐயோ பாவம்," என்றாள் பராசக்தி. பெற்ற தாய். உதயகலாவின் கண்ணை நேரே பார்த்துச் சொன்னாள். "அழாதை பிள்ளை. மாதா காப்பாத்துவா."

திரை அணைந்தது.

வெளியே வின்சன்ற்றின் கார் உறுமியது. உதயகலா தாலியைப் பறிக்கக் கையை வீசினாள். கை காற்றைத்தான் பிடித்தது. வாசலில் நின்று மார்கிரட் திரும்பினாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. உண்மையாகவே கலங்கியிருந்தன.

"அக்கா," என்றாள் அவள், உதயகலாவைப் பார்த்து. "ஒண்டு மட்டும் நான் பாடத்திலை சொல்லேல்லை. குறை நினைக்காதையுங்கோ. கடலிலை போனவன் முதல் மழையோடை கோல் எடுப்பான். எங்கை போனாலும் எடுப்பான். ஆன்சர் பண்ணுங்கோ. பண்ணாட்டி நேரை வந்திடுவான்."

படலை சாத்தப்பட்டது. வெளியே பூட்டு விழுந்தது.

மழை வந்தது. தகரம் முழுவதும் ஒரே நேரத்தில் இடிந்ததுபோல.

இருட்டு. சிவப்பு நீர். கடல் நாற்றம்.

தலையணைக்கடியில் மார்கிரட்டின் தொலைபேசி அடித்தது.

எடுக்கக் கூடாது. எடுக்கவே கூடாது. அறை மூலையில் ஈரக் கால் வைக்கும் சத்தம். ஒன்று. இன்னொன்று.

எடுத்தாள்.

முதலில் பச்சை நிறத் தண்ணீர். பிறகு அதற்குள்ளிருந்து ஒரு சின்ன முகம், ஊதி வெளுத்து, உதடுகளை மீன் தின்ற முகம், கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது. தொலைபேசியின் ஓரங்களால் உப்புநீர் வழிந்து அவள் முழங்கை வரை இறங்கியது.

"அம்மா," என்றது. "தூக்கு."

சுன்னாகத்தில் ஒரு பிள்ளை இருந்ததே. அதன் பெயர். அதன் பெயர் என்ன?

அவளுடைய கைகள் தாமாகவே நீண்டன. அவள் வாய், அவளுடையதல்லாத குரலில், அளவற்ற அன்போடு சொல்லியது:

"வா ராசா. அம்மா தூக்கிறன்."

கண்ணாடிக்குள்ளிருந்து குளிர்ந்த சின்னக் கைகள் வெளியே வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டன.