பிணத்தைத் தாண்டி ஒரு சுவிட்ச்

கீ... கீ... கீ... கீ...!

மன்னார்குடி பர்வின் டவர்ஸின் முதல் மாடி. அந்தச் சத்தம் சர்வர் ரூமுக்குள்ளிருந்து வந்தது.

வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்காக ஆபீஸைப் பூட்டியிருந்தார்கள். தொழுகை முடிந்து, சாப்பாடும் முடிந்து, ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

டைப்பிஸ்ட் அஃப்ரீன் கதவைத் தள்ளிப் பார்த்தாள். திறந்துகொண்டது.

உள்ளே அனல் அடித்தது.

தரையில் மேனேஜர் இராஜாங்கம் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டர். வாங்கியதிலிருந்து யாரும் தொடாத சிலிண்டர்... முதல் உபயோகமே இதுதான்!

"அல்லா...!"

அலறலைக் கேட்டு முதலில் ஓடி வந்தவன் இனியவன். சர்வர்களைக் கவனித்துக்கொள்ளும் எஞ்சினியர்.

பிணத்தைப் பார்த்தான்.

பிணத்தைத் தாண்டினான்.

எதிர்ப்பக்கம், பின்கதவை ஒட்டியிருந்த ஏசி சுவிட்சைப் போட்டான்.

அதற்கப்புறம்தான், "ஐயோ... சார்!" என்று கத்தினான்.

இந்த வரிசைதான் அவனுக்கு வினையாகப் போனது.

*

"ஆள் செத்துக் கெடக்குறாரு. நீ ஏசி போட்டிருக்க. புழுக்கமா இருந்துச்சோ?"

இன்ஸ்பெக்டர் செவ்வந்தி சிரிக்காமல் கேட்டாள். அவள் சிரித்து ஸ்டேஷனில் யாரும் பார்த்ததில்லை.

மேனேஜர் அறையில், மேஜைக்கு எதிரே இனியவன் நின்றிருந்தான்.

"ஏசி ஆஃப் ஆகியிருந்துச்சு மேடம். சர்வரெல்லாம் சூடாகி அலாரம் அடிச்சுது. விட்டா மொத்தமும் கருகிடும். கை தானா போயிடுச்சு..."

"மேனேஜரைத் தொட்டுப் பாக்கக் கை போகலையா?"



ஏட்டு இளையபெருமாள் தொண்டையைக் கனைத்தார்.

"மேடம், ரூம் சாவி செத்தவர்கிட்ட ஒண்ணு, இவன்கிட்ட ஒண்ணு. சுவிட்ச்ல இவன் ரேகை. காலையில ரெண்டு பேருக்கும் சண்டை. 'சும்மா விடமாட்டேன்'னு இவன் கத்துனதை ஆபீஸே கேட்டிருக்கு."

"எதுக்குய்யா சண்டை?"

"என் டிகிரி சர்ட்டிஃபிகேட் மேடம்..." இனியவனின் குரல் உடைந்தது. "வேலைக்குச் சேரும்போது ஒரிஜினலை வாங்கி வெச்சுக்குவாங்க, பாதியில ஓடிடக் கூடாதுன்னு. எனக்கு ஷார்ஜாவுல வேலை கெடச்சிருக்கு. இன்னிக்கு ராத்திரி திருச்சியில ஃப்ளைட். அவர் தரவே மாட்டேன்னுட்டாரு. அதான் கத்திட்டேன்."

"தொழுகை நேரத்துல எங்க இருந்த?"

"பாமணி ஆத்துப் பாலத்துல உக்காந்திருந்தேன்."

"கூட யாரு?"

"யாருமில்ல. நானும் ஆறும்தான்."

"ஆத்துல தண்ணி வந்துடுச்சா?"

"இன்னும் வரலை மேடம்."

"அப்ப ஆறும் அங்க இல்ல."

ஏட்டய்யா விலங்கை எடுத்தார். இனியவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். கண் நிறைந்துவிட்டது.

டக்!

ட்யூப்லைட் அணைந்தது.

"யாருய்யா அது?"

"மன்னிச்சுக்கங்க மேடம்... ஜன்னல் வெளிச்சமே போதுமேன்னு..."

முதலாளி ஜாஃபர் சாதிக் வாசலில் நின்றிருந்தார். துபாயில் சம்பாதித்து, மகள் பேரில் இந்தக் கட்டடத்தைக் கட்டியவர். அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதை இங்கே பெண்கள் டைப் அடித்து அனுப்புவார்கள். தொழில் நன்றாகத்தான் நடந்தது. பாய்க்குப் பிடிக்காத ஒரே விஷயம் கரண்ட் பில். ஆளில்லாத இடத்தில் ஃபேன் ஓடினால் அவருக்கு நெஞ்சு அடைத்துவிடும்!

"போடுங்க பாய். சந்தேகக்காரன் மூஞ்சி எனக்குத் தெரியணும்."

பாய் மனசில்லாமல் போட்டார்.

பின்னாலேயே அவர் மனைவி மெஹராஜ் பேகம் டீத் தட்டோடு வந்தாள். கட்டடத்துக்குப் பின்னால்தான் வீடு. ஆபீஸில் யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் டீ அங்கிருந்துதான் வரும்.

"அந்தப் புள்ளைய விட்டுருங்கம்மா. நாடு விட்டு நாடு போற புள்ள. இவனெல்லாம் அப்படிப் பண்ண மாட்டான்."

"எப்படிச் சொல்றீங்க?"

"மூஞ்சியைப் பாத்தாலே தெரியலையா?"

செவ்வந்தி டீயை எடுத்துக்கொண்டாள்.

"மூஞ்சியை கோர்ட்டுல ஏத்துக்க மாட்டாங்கம்மா."

*

"மேடம்... ஒரு நிமிஷம்!"

லேப்டாப்போடு ஓடி வந்தவள் எழில்மொழி. கரண்ட் செலவைக் குறைக்க பாய் தஞ்சாவூரிலிருந்து அழைத்து வந்த எஞ்சினியர். லைட், ஃபேன், கம்ப்யூட்டர், ஏசி என்று கட்டடத்தின் ஒவ்வொரு லைனுக்கும் தனி மீட்டர் வைத்திருந்தாள். எது எப்போது எவ்வளவு இழுத்தது என்று திரையில் கோடு கோடாகத் தெரியும்.

"இனியவன் பொய் சொல்லலை மேடம். இதைப் பாருங்க, சர்வர் ரூம் ஏசி. எல்லாரும் தொழுகையில இருந்த நேரத்துல கோடு அப்படியே தரைக்கு வந்துடுச்சு."

"கரண்ட் கட்டா இருக்கும்."

"இன்னிக்கு அதிசயமா கட்டே இல்ல. பக்கத்துல பாருங்க, சர்வர் கோடு ஓடிட்டேதான் இருக்கு. ஏசியை மட்டும் யாரோ கையால நிறுத்தியிருக்காங்க. இனியவன் வந்து போடுற வரைக்கும் அது ஓடவே இல்ல."

செவ்வந்தி டீயைக் கீழே வைத்தாள்.

"ஏட்டய்யா, விலங்கை உள்ள வைங்க."

"மேடம்...?"

"பொணத்தைத் தாண்டிப் போயி ஏசி போடுறவன், கொலை பண்ணிட்டு ஏசியை நிறுத்திட்டுப் போவானா? இவனுக்கு மனுஷங்களை விட சர்வர் முக்கியம்யா!"

திட்டா, பாராட்டா? எதுவாக இருந்தாலும் இனியவன் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான்.

"இன்னொண்ணும் இருக்கு மேடம்." எழில்மொழி திரையில் வேறொரு கோட்டைக் காட்டினாள். "இது மொட்டை மாடி ரூம். தட்டுமுட்டுச் சாமான்னு பூட்டி வெச்சிருக்காங்க. ஆனா ராப்பகலா கரண்ட் இழுக்குது. காலையிலதான் கண்டுபிடிச்சு மேனேஜர்கிட்ட சொன்னேன். 'நான் பாத்துக்கறேன், பாய்கிட்ட சொல்லாத'ன்னாரு. ஏசி நின்ன கொஞ்ச நேரத்துல இந்தக் கோடும் நின்னுடுச்சு."

"பாத்துக்கப் போனவரை யாரோ பாத்துக்கிட்டாங்க. வாங்க மேல!"

*

ஏட்டய்யாவின் ஒரே அடியில் பூட்டு தெறித்தது.

உள்ளே தட்டுமுட்டுச் சாமான் எதுவும் இல்லை. வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் சிம் கார்டுகள். பெட்டிகளின் முதுகிலிருந்து ஒரு வயர் சுவரோடு இறங்கி சர்வர் ரூமுக்குப் போனது.

இனியவன் வாய் பிளந்தான்.

"துபாய்லருந்து வர்ற போனை நம்ம இன்டர்நெட் வழியா இறக்கி, உள்ளூர் போன் மாதிரி மாத்தி விடுறது மேடம். திருட்டு எக்ஸ்சேஞ்ச்!"

ஜாஃபர் சாதிக் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ராப்பகலாவா ஓடிச்சு...? என் கரண்ட்லயா...?"

செவ்வந்தி அவரையே பார்த்தாள். அதிர்ச்சி நிஜமாகத்தான் இருந்தது. ஆனால் அது சட்டத்துக்காக வந்த அதிர்ச்சி இல்லை.

*

மறுபடி மேனேஜர் அறை. வெளியே வெயில் இறங்கிவிட்டிருந்தது. மெஹராஜ் பேகம் இரண்டாம் முறை டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பாய், கொன்னவன் பின்கதவு வழியா வெளிய போயிருக்கான். போற போக்குல பக்கத்துல இருந்த சுவிட்சை அணைச்சிருக்கான். அதுல அவனுக்கு ஒரு லாபமும் இல்ல. வெறும் பழக்கம். இந்தக் கட்டடத்துல அந்தப் பழக்கம் யாருக்குன்னு நான் சொல்லவே வேணாம்."

"மேடம்! நான் பள்ளிவாசல்ல முதல் வரிசையில நின்னேன்!"

"விசாரிச்சிட்டேன். நின்னீங்க."

"அந்த ஏசியை நான் தொடவே மாட்டேன். தொட்டா சர்வர் போயிடும்னு இனியவன் என்னையே திட்டுவான். ஆபீஸ்ல எல்லாருக்கும் அது தெரியும்."

"அப்ப, பண்ணது ஆபீஸ் ஆளே இல்ல. ஆனா அணைக்கிற வியாதி மட்டும் இருக்கு. யாரு பாய் அது?"

"எனக்கே இது தொத்துனதுதான் மேடம்." பாய் வெகுளியாகச் சொன்னார். "துபாய் கேம்ப்ல பகல்லயும் லைட் எரியும், நான் கண்டுக்கவே மாட்டேன். லீவுல வீட்டுக்கு வந்தாத்தான் திட்டு வாங்கணும். ஒரு ரூமை விட்டு வெளிய வந்தா..."

அவர் முடிக்கவில்லை.

மெஹராஜ் பேகம் தட்டோடு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

டக்! டக்!

லைட் அணைந்தது. ஃபேன் மெதுவாக நின்றது.

அறைக்குள் ஐந்து பேர் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பேகம்மா..." செவ்வந்தியின் குரல் அமைதியாக வந்தது. "நாங்க இன்னும் உள்ளதான் இருக்கோம்."

டம்ளர்கள் உருண்டு ஓடும் சத்தம்.

லைட்டைப் போட்டபோது பேகம் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் வீட்டுச் சாவிக்கொத்து. ஏட்டய்யா அதை வாங்கினார். பின்கதவுச் சாவியும் மாடிச் சாவியும் அதில்தான் இருந்தன. வீட்டுச் சாவியைப் பற்றி இதுவரை யாருமே கேட்கவில்லை!

"இந்த ஊர்ல எத்தன பொம்பளைங்க புருஷன் குரலைக் கேக்கத் தவிச்சிருக்காங்க தெரியுமாம்மா?" பேகம் யாரையும் பார்க்காமல் பேசினாள். "நானும் தவிச்சவதான். துபாய்ல இருக்கற என் தம்பி மெஷின் அனுப்புனான். அவங்களுக்காகத்தான் ஆரம்பிச்சேன். அப்புறம் ஆசை வந்துடுச்சு. மாடிச் சாவி என்கிட்டத்தான் இருக்குன்னு தெரிஞ்சு, இன்னிக்கு இராஜாங்கம் சர்வர் ரூமுக்குக் கூப்பிட்டான். பாதியைக் குடு, இல்லன்னா பாய்கிட்ட சொல்லுவேன்னான். இந்த வயர்தான்னு குனிஞ்சு காட்டுனான்..."

"சிலிண்டர் கைக்கு எட்டுச்சு."

"ஆமா. இவர் முகத்துல முழிக்கணுமேன்னு பயந்துட்டேன்மா."

"சரி, ஏசியை ஏன் நிறுத்துனீங்க?"

பேகம் நிமிர்ந்தாள். நிஜமாகவே குழம்பிப் போயிருந்தாள்.

"நானா...? நான் எதையும் நிறுத்தலியே!"

ஜாஃபர் சாதிக் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவரைப் பார்க்க எல்லோருக்கும் பாவமாக இருந்தது. பிறகு எழுந்து, மேனேஜரின் அலமாரியைத் திறந்து, ஒரு சர்ட்டிஃபிகேட்டைத் தேடி எடுத்து இனியவனிடம் நீட்டினார்.

"என் கார்லயே போப்பா. வீட்ல பெட்டியை எடுத்துக்கிட்டு நேரா திருச்சிக்கு."

இனியவன் பாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கோர்ட்டுல கூப்பிட்டா வந்து சாட்சி சொல்லணும்" என்றாள் செவ்வந்தி. "அங்கயும் எவனாவது விழுந்து கெடந்தா, முதல்ல அவனைப் பாரு. அப்புறமா ஏசியைப் போடு."

கார் கிளம்பியது. ஜீப் பக்கமிருந்து ஏட்டய்யா திரும்பி வந்தார்.

"மேடம், அந்தம்மா ஏறி உக்காந்ததும் ஒண்ணு கேட்டாங்க."

"வக்கீலா?"

"இல்ல மேடம். லாக்கப்ல ஃபேன் சுவிட்ச் உள்ள இருக்கா, வெளிய இருக்கான்னு."

செவ்வந்தி தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

"வெளியதான்னு சொல்லுங்க. அவங்களை உள்ள வெச்சதும் நாம மறக்காம ஆஃப் பண்ணிட்டு வந்துடுவோம்!"