பாதிச் சத்தம்

கதவு படாரென்று திறந்த வேகத்தில் எட்டுத் தையல் மெஷின்களும் ஒரு நொடி நின்றுவிட்டன.

வாசலில் ஒருவன். கலைந்த முடி, பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை, தூக்கமில்லாமல் சிவந்த கண்கள்... ஆனாலும் அழகான கண்கள்! அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள், அந்தத் தையற்கூடத்தை நடத்தும் அவள்.

"கீழ் வீட்டுக்குப் புதுசா வந்திருக்கேங்க. ராத்திரி பூரா ஆம்புலன்ஸ் ஓட்டறேன். பகல்லதான் தூக்கம். உங்க மெஷின் என் தலைமேலயே ஓடுது!"

"ஊரையே சைரன் போட்டு எழுப்பறவர் சத்தத்தைப் பத்திப் பேசறாரா?"

தைக்கும் பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்தது... அடக்கிக்கொண்டான்.

"சைரன் கேட்டா எல்லாரும் வழி விடுவாங்க. நீங்க விடுவீங்களா?"

விட்டுத்தான் ஆகவேண்டும். முன்பு குடியிருந்தவர்கள் போலக் கீழ் வீட்டிலிருந்து இன்னொரு புகார் வந்தால் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிடுவேன் என்று வீட்டுக்காரர் எச்சரித்திருந்தார். ஒற்றை மெஷினோடு தொடங்கி அவளே வளர்த்த தையற்கூடம்... அதை இழக்க அவள் தயாராக இல்லை.

மறுநாள் பகலில் நான்கு மெஷின்கள்தான் ஓடின. மாடிப்படியில் அவனை மறித்தாள்.

"பாதியை நிறுத்திட்டேன். சத்தமும் பாதியாயிருக்குமே?"

"பாதியா...? எனக்கு அப்படியேதான் இருக்குங்க."

"பொய்! எங்களைக் கிளப்பணும்னே சொல்றீங்க!"

அவன் முகம் வாடிப்போனது. "எனக்குப் பொய் சொல்ல வராதுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அவள் எதிர்பார்த்த புகார் வரவே இல்லை.

ஒரு மதியம் நல்ல மழை. ஜன்னலைச் சாத்தப் போனவள் அப்படியே நின்றாள். எதிரே மூடிக்கிடந்த கடை வாசலில் அவன் முழங்காலை மடக்கிக்கொண்டு உறங்கிக்கொண்டிருந்தான். மூடிய இமைகள்மேல் சாரல்...

பொய் சொல்கிறவன் அங்கே போயா படுப்பான்?

விறுவிறுவென்று இறங்கிக் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவன் அம்மா திறந்தாள்.

"அம்மா, உங்க பையன் படுக்கற இடத்தைக் காட்டுங்க."

"என்னம்மா, எடுத்த எடுப்பிலேயே இப்படிக் கேக்கறே?"

அவளுக்கு முகம் சிவந்தது. சத்தம் அளக்கும் ஆப்பைத் திறந்து, தலையணைமேல் போனை வைத்தாள். மாடியில் எட்டு மெஷினையும் ஓட்டச் சொன்னாள். அறுபத்திரண்டு டெசிபல். நான்கை நிறுத்தச் சொன்னாள். ஐம்பத்தொன்பது.

மூன்றுதானா! முப்பத்தொன்றுக்கு இறங்கும் என்றல்லவா நினைத்திருந்தாள்? ஆப்பிலிருந்த விளக்கத்தைப் படித்தாள். மெஷின் பாதியானால் மூன்றுதான் குறையுமாம். காது அதைக் கண்டுகொள்வதே கஷ்டமாம். கேட்பவருக்குப் பாதியாகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து குறைய வேண்டுமாம்.

அவன் காது சரி. இவள் கணக்குதான் தப்பு.

"பத்து குறைக்காம விடமாட்டேன்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒவ்வொரு மெஷினின் காலுக்கும் கனமான ரப்பர் வைத்தாள். போதவில்லை. எல்லாவற்றையும் மறுபடி தூக்கி, அடியில் கம்பளித் துணியை மடித்துத் திணித்தாள். கை காய்த்துப்போனது. விடவில்லை. எட்டும் ஓட, கீழே போனில் ஐம்பத்திரண்டு வந்த பிறகுதான் உட்கார்ந்தாள். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த நாள் அவனே மாடியேறி வந்தான்.

"மறுபடியும் மெஷினை நிறுத்திட்டீங்களா? பாதிச் சத்தம்தானே வரு..."

எட்டு மெஷின்களும் அவன் கண்முன்னே ஓடிக்கொண்டிருந்தன.

அவள் கண்கள் நிறைந்தன. "உங்க காது உண்மையைத்தான் சொல்லியிருக்கு. நான்தான் நம்பல... மன்னிச்சிடுங்க."

"அதெல்லாம் எப்பவோ மன்னிச்சாச்சு. ஆனா... இன்னும் தூக்கம்தான் வரல."

"இன்னும் என்ன சத்தம்?" அவசரமாகப் போனை எடுத்தாள்.

அவன் குனிந்து அவள் காதருகே சொன்னான். "உங்களைப் பிடிச்சிருக்குங்க."

மெஷின்களின் இரைச்சலில் போன் எழுபத்துநான்கிலேயே நின்றது. ஒரு புள்ளிகூட ஏறவில்லை.

"கேட்டுதா?"

"போனுக்குக் கேக்கல..." கன்னம் சுட்டது. "எனக்குக் கேட்டுது."

"அப்ப பதில்?"

ஒரு காரியத்தில் இறங்கினால் அரைகுறையாக விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. கையை உயர்த்தினாள். எட்டு மெஷின்களும் நின்றன.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு!"

கீழேயிருந்து அவன் அம்மாவின் குரல் வந்தது.

"கேட்டுடுச்சும்மா! இனிமே மெதுவாவே சொல்லு... அவன் தூங்கணும்!"