ஆவுளியா நெய்

கரைக்குத் திரும்பிக் கொஞ்ச தூரம் வந்ததும் மீன்பிடி போட்டின் எஞ்சின் மூச்சு வாங்கியது. ரோச்சுக்கு அப்படித்தான் கேட்டது. தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்தத் தடதடப்புக்கு அடியில், புஸ்ஸென்று நீளமாக ஒரு காற்று. அப்புறம் ஒன்றுமில்லை. சரி, பிரமைதான் என்று அவன் பீடியைப் பற்றவைக்கிற நேரத்தில் மறுபடியும் அதே புஸ். பதினைந்து வருசம் ஓடிக் கிழடு தட்டிய எஞ்சின் அது. இருமும், புகை கக்கும், பாதி வழியில் படுத்துக்கொள்ளும், எல்லாமே அவனுக்குப் பழக்கம்தான். மூச்சு மட்டும் அது இதுவரை விட்டதில்லை.

ஆயில் மாற்றியது அன்று காலையில்தான். எங்கோ பாலைவனத்தில் ஷேக்குமார்கள் எண்ணெய்க் குழாயைத் திருகி மூடினால் திரேஸ்புரத்தில் ஒரு பச்சைப்பிள்ளை பட்டினி கிடக்கும் என்று எந்தப் பேப்பர்க்காரனும் எழுதவில்லை. டீசல் ஏறியது, எஞ்சின் ஆயில் அதற்கும் மேலே ஏறியது, மீன் மட்டும் பழைய விலைக்கே போனது. மெக்கானிக் தேவபிரசாதம் நாசரேத்துக்காரர், ஒளிவுமறைவு தெரியாதவர். "இந்தக் கிழட்டு எஞ்சினுக்கு ஒசத்தி ஆயில் வேண்டாம்வே. கனமா, நாப்பதாம் நம்பர் போதும். ஆனா புதுசா வாங்கி ஊத்தும். கப்பல்ல வடிச்ச கழிவ ஊத்தினீருன்னா பேரிங்கு போயிரும். போட்டு கரையிலதான் கெடக்கும்" என்றார்.

புத்தி சொல்வது சுலபம். வீட்டில் பெண்டாட்டி கிளாடிசுக்குப் பால் கட்டி, மார் கல்லாகக் கிடந்தது. பிள்ளை வாய் வைத்தால் அவள் அலறினாள், வைக்காவிட்டால் அது அலறியது. இரண்டை மண்ணுக்குக் கொடுத்தபிறகு பிறந்த பிள்ளை. அதன் தொடை மெலிந்து குச்சியாகிவிட்டது. எஞ்சினுக்குப் புது ஆயிலா, பிள்ளைக்குப் பால்பவுடர் டின்னா என்று வந்தபோது அவன் டின்னைத்தான் வாங்கினான். பிறகு கப்பல் கழிவு ஆயில் விற்கும் குலசேகரன்பட்டினத்து மாசானத்தைத் தேடிப் போனான்.

மாசானம் வடிச்ச ஆயிலோடு ஒரு சின்ன டின்னையும் நீட்டினான். "வடிச்சது தண்ணியாத்தான் இருக்கும் அண்ணாச்சி. இதைக் கலந்து ஊத்துங்க, சும்மா கட்டியா நிக்கும். ஆவுளியா நெய்."

ஆவுளியா என்றால் கடல்பசு. ரோச்சுக்குக் கை கொஞ்சம் பின்வாங்கியது. "பிடிக்கப்படாதுன்னு சட்டம் போட்டிருக்காம்லா?"

"நெய்யானபெறகு சட்டம் எதைப் பிடிக்கும்? தாய்தான் ஆப்பிட்டுது. குட்டி தப்பிச்சிட்டு. வள்ளத்தையே சுத்திச் சுத்தி வந்துது சனியன். துடுப்பால அடிச்சு வெரட்டுனோம்" என்று சிரித்தான் மாசானம்.

ரோச்சும் சிரித்து வைத்தான். வாங்குகிறவனுக்கு அந்தச் சிரிப்பு இலவசம். கலந்து ஊற்றியது போக மிச்ச நெய்யை டின்னோடு வீட்டில் வைத்துவிட்டுக் கடலுக்குப் போனான்.

இப்போது பொழுது மங்கி, கடல் ஈயம் உருக்கி ஊற்றியதுபோல் கிடந்தது. காற்றே இல்லை. எஞ்சின் மூடியின் இடுக்கிலிருந்து வந்த வாடை டீசல் வாடையோ கருகிய ஆயில் வாடையோ இல்லை. புளித்த பால் அடுப்பில் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை. அது அவன் சட்டையிலும் தாடியிலும் ஏறி, தொண்டைக்குள் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த மனுவேல், கிளாடிசின் தம்பி, இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

புஸ்.

"ஏலே மனுவேலு, ஒனக்குக் கேக்குதா?"

"ரொம்ப நேரமா கேக்கு அத்தான்."

"எஞ்சின்லதான?"

ரோச் குனிந்து எஞ்சினை நிறுத்தினான். தடதடப்பு அடங்கியது. போட்டு தன்பாட்டுக்கு மிதந்தது. பலகையில் தண்ணீர் தட்டும் சத்தம் கேட்டது. முயல் தீவு வெளிச்சக்கூட்டின் விளக்கொளி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது.

புஸ்.

எஞ்சினில் இல்லை. வெளியே, காலுக்கடியில், பலகைக்கு அந்தப் பக்கம்.

அடுத்து ஏதோ உரசியது. மெத்தென்று, மெதுவாக, அடிப்பலகை நெடுக உரசிக்கொண்டே போய், ஆயில் ஒழுகும் இடத்தில் நின்றது. அங்கே எதையோ சப்பும் சத்தம் கேட்டது.

"குட்டி. நீங்க சொன்ன அதே குட்டிதான். வாடை பிடிச்சு வந்திருக்கு. அத்தான், அந்த ஆயில இங்கனயே கொட்டிருவோம். பாய் கட்டிப் போயிருவோம்" என்றான் மனுவேல். அவன் குரல் தண்ணீரில் நனைந்தாற்போல் இருந்தது.

"காத்து எங்கல இருக்கு? கொட்டிட்டு நாளைக்கு எதை ஊத்துவ? ஒங்கக்கா பிள்ளைக்கு நீ பால் குடுப்பியா?"

சொன்னபிறகு அவனுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் கொட்டவில்லை. எஞ்சினைக் கிளப்பி முழு வேகத்தில் விட்டான். பின்னால் திரும்பக்கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பினான். ஆயில் படலம் மினுங்கிய தடத்தில், சாம்பல் நிறமாக ஒரு மூக்கு எழுந்து அமிழ்ந்தது. வேகம் கூட்டினால் அதுவும் கூட்டியது. துடுப்படி பட்ட தழும்பு அதன் முதுகில் வெள்ளையாகத் தெரிந்தது. பழைய துறைமுகத்து விளக்குகள் கிட்டே வந்தபோதுதான் தடம் வெறுமையானது. ரோச் சிலுவை போட்டுக்கொண்டான். ஒழிந்தது என்று நினைத்தான்.

மீனை இறக்கி, வலையை அலசி, ஏலத்தில் வியாபாரியோடு மல்லுக்கட்டி, அவன் கிளம்ப நேரமாகிவிட்டது. மனுவேல் கூட வர மறுத்துவிட்டான். தெருவில் கரண்ட் இல்லை. அலைக்கும் அவன் வீட்டுக்கும் நடுவே மணல் மட்டும்தான். அந்த மணலில் ஏதோ கனமாக இழுபட்டுப் போன தடம் ஒன்று ஈரமாகக் கிடந்தது. எவனோ வலையை இழுத்துப் போயிருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு நடந்தான்.

கதவு திறந்து கிடந்தது.

உள்ளே இருட்டு. சிம்னி விளக்கு எரியவில்லை. ஆனால் அழுகைச் சத்தம் இல்லை. அது போதும் அவனுக்கு. சுவரோரம் கிளாடிஸ் பாயில் சாய்ந்திருப்பது நிழலாகத் தெரிந்தது. மடியில் முந்தானைக்குள் சப்சப்பென்று பால் குடிக்கும் சத்தம். எத்தனை நாளாகக் கேட்கத் தவித்த சத்தம்! ரோச்சுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஏளா, குடிக்குதா?"

"குடிக்கி" என்றாள். தூக்கக் கலக்கத்தில் குரல் குழைந்தது. "நீங்க வச்சிட்டுப்போன டின்னுல நெய் மிச்சம் இருந்துதுல்லா? சுட வச்சு மாருல தடவுனேன். கட்டு ஒடைஞ்சிட்டு. வலியே இல்ல. அப்படியே அசந்துட்டேன். எப்ப மடிக்கு வந்துதுன்னே தெரியல, பசியில என்னா இழு இழுக்கி…"

அவன் ஒரு எட்டு வைத்தான். தரை சொதசொதவென்று இருந்தது.

இன்னொரு எட்டு.

மடியில் இருந்தது பெரிதாக இருந்தது. மூன்று மாசப் பிள்ளைக்கு அவ்வளவு நீளம் ஏது? முந்தானைக்கு வெளியே, பாயையும் தாண்டி, தரைவரை.

"கிளாடிஸ்."

"உஸ். பேசாதீங்க. குடிக்கட்டும்."

அப்போது அறையின் மறுமூலையில், தொட்டிலுக்குள், பிள்ளை விழித்துக்கொண்டு மெலிந்த குரலில் அழுதது.

முந்தானைமேல் தடவிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. இருட்டில் ரோச்சின் முகம் இருந்த திசையையே பார்த்தாள். குனிந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. தொட்டிலில் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. மடியில் இருந்தது நிறுத்தாமல் குடித்துக்கொண்டிருந்தது.